வாசகர் கேள்வி–பதில்: வாங்கிச் சாப்பிடுவது மலிவா, சமைத்துச் சாப்பிடுவது மலிவா?

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆயத்த உணவையும் வீட்டுச் சமையலையும் ஒப்பிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் சமைப்பதே சிக்கனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி ஒரு நாள், ஓர் உணவுக்குத் தேவையான பொருட்களையெல்லாம் வாங்கிவந்து சமைத்தேன். அதையே பொட்டலமாக வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு செலவில் வேலை முடிந்திருக்கும். இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு வரக்கூடிய பொருட்களின் விலையை ஒரே வேளை உணவின் தலையில் ஏற்றிவிட்டீர்கள். வாங்கிய எண்ணெயில் இரண்டு கரண்டியும், வாசனைப் பொருட்களில் ஒரு சிட்டிகையும்தான் அன்று செலவாகியிருக்கும். மீதி அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்தினால்தான் அந்த விலை பல வேளைகளுக்குப் பிரிந்து குறையும். எப்போதாவது ஒரு நாள் ஆசைக்குச் சமைப்பவருக்கு வீட்டுச் சமையல் உண்மையாகவே விலை கூடியது. வாரத்தில் பல நாள் சமைப்பவருக்குத்தான் அது சிக்கனமாகிறது.

இரண்டாவதாக, எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். அமெரிக்க வேளாண் துறையின் பொருளியல் ஆய்வுப் பிரிவு 2012-இல் இதை விரிவாக ஆராய்ந்தது. கலோரிக்கு இவ்வளவு விலை என்று பார்த்தால் காய்கறிகளும் பழங்களும் விலை கூடியவையாகத் தெரிகின்றன. எடைக்கோ, ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் அளவுக்கோ விலையைப் பார்த்தால், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைவிட அவற்றில் பெரும்பாலானவை மலிவாக இருக்கின்றன. சர்க்கரையும் எண்ணெயும் மாவும் உலகெங்கும் மிக மலிவான கலோரிகள் என்பதால், அவற்றைக் கொண்டு செய்யும் எதுவும் கலோரிக் கணக்கில் வென்றுவிடும். இன்னொரு சிறிய கவனம்: உலர்ந்த பயறு வெந்தபின் இரண்டு மடங்குக்கும் மேல் எடை கூடும். ஆகவே உலர் பயறின் கிலோ விலையையும் வேகவைத்து டப்பாவில் அடைத்த பயறின் கிலோ விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

வீட்டுச் சமையலை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேர் நான்கு வாரங்கள் மருத்துவ மையத்திலேயே தங்கி, இரண்டு வாரங்கள் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் (ஆலையில் பலவற்றைச் சேர்த்துச் செய்யும் ஆயத்த வகை), இரண்டு வாரங்கள் அவ்வளவாகப் பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு உண்டார்கள். ஒரே அளவு கலோரிக்கு, பின்னதன் மூலப்பொருட்களுக்கு முன்னதைவிட சுமார் 40 விழுக்காடு கூடுதலாகச் செலவானது. ஆனால் அதே ஆய்வில், பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கூடுதலாக உண்டார்கள். கூடுதலாக உண்பதற்கும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த 40 விழுக்காட்டு இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. தவிர, அந்த அவ்வளவாகப் பதப்படுத்தாத உணவில் இறைச்சி, கொட்டைகள், புதிய பழங்கள் எல்லாம் இடம்பெற்றிருந்தன. தானியத்தையும் பயறையும் முதன்மையாக வைத்துச் சமைக்கும் வீட்டில் கணக்கு வேறு விதமாக அமையும்.

கேள்வி: பொருட்களின் விலையை மட்டும் பார்த்தால் போதுமா? சமைக்கும் நேரத்துக்கு விலை கிடையாதா? என் ஒரு மணி நேர ஊதியத்தையும் சேர்த்தால் எந்த வீட்டுச் சமையலும் கட்டுப்படியாகாது.

பதில்: நேரத்துக்கு விலை உண்டு. வீடு என்பது நேரத்தையும் பொருட்களையும் கலந்து உணவையும் ஓய்வையும் உற்பத்தி செய்யும் இடம், ஆகவே ஓர் உணவின் முழு விலையில் நேரமும் சேர வேண்டும் என்று 1965-இலேயே கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் எழுதினார். அவருக்குப் பின்னர் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முழு ஊதிய விகிதத்தை அப்படியே ஒவ்வொரு சமையல் மணிக்கும் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மணி நேரத்தை நீங்கள் உண்மையிலேயே விற்றிருக்க முடியுமானால் மட்டுமே அந்த விலை பொருந்தும். மாதச் சம்பளக்காரர் இரவு ஏழு மணிக்குச் சமைக்காமல் இருந்தால் அந்த நேரத்துக்கு யாரும் அவருக்குக் கூலி தரப்போவதில்லை. அவர் இழப்பது ஓய்வைத்தான். அதற்கும் மதிப்பு உண்டு என்றாலும், எவ்வளவு என்பதை அவரவரே சொல்ல வேண்டும்.

அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்கும் நேரம் எல்லாம் உழைப்பும் அல்ல. பயறு ஊறுவதற்கு எட்டு மணி நேரம் ஆகலாம். அதில் உங்கள் கை படுவது ஒரு நிமிடம். நறுக்குவது, கிளறுவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை மட்டும் குறித்து வைத்தால், சமையல் நேரம் என்று நாம் எண்ணியிருந்ததில் கணிசமான பகுதி காத்திருப்பே என்று தெரியவரும். நால்வருக்குச் சமைக்க ஒருவருக்குச் சமைப்பதைப்போல நான்கு மடங்கு நேரம் ஆவதும் இல்லை. மறுபுறம், வாங்கப் போய்வரும் நேரமும், வரிசையில் நிற்பதும், வந்து சேரும்வரை காத்திருப்பதும் ஆயத்த உணவின் கணக்கில் ஏற வேண்டியவை. அவற்றை ஏனோ யாரும் எழுதுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவர் மலிவான பொட்டலத்தைப் பிரித்து உண்டால், அவர் கணக்குத் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் பணமும் குறைவு, நேரமும் குறைவு. இரண்டில் எது அதிகம் குறைவோ அதைத்தான் அவர் மிச்சப்படுத்துகிறார்.

கேள்வி: வீட்டில் சமைத்தால் செலவே இல்லை என்று என் கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்கிறார். சமைப்பது நான். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: முந்தைய கேள்விக்கான பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலைகளுக்குச் செல்லும் மொத்த நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது. சமையல் அந்த வேலைகளில் முக்கியமான ஒன்று. ஆகவே ஒரு குடும்பம் “சமைத்துச் சாப்பிடுவதால் மிச்சம்” என்று சொல்லும்போது, அந்த மிச்சம் பெரும்பாலும் ஒருவருடைய மாலை நேரத்திலிருந்து எடுக்கப்பட்டு எல்லோருடைய கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது. வீட்டுச் சமையலை எதிர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் உங்கள் கணவர் காய் நறுக்குவதிலிருந்து அடுப்பைத் துடைப்பதுவரை முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்தட்டும்; செலவே இல்லை என்ற முடிவை அதன் பிறகும் அவர் வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எரிபொருள் செலவைச் சேர்த்தால் பயறு, கிழங்கு போன்றவை உண்மையில் மலிவானவைதானா?

பதில்: எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ 7 மடங்கு, அதை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படும். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிடுபவர் அந்தப் பெரிய தொகையைத்தான் காற்றில் விடுகிறார். கொதி வந்தபின் தீயைக் கூட்டினாலும் தண்ணீரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் உணவு விரைவாக வேகப்போவதும் இல்லை. மூடி போட்டுத் தீயைக் குறைப்பதும், முன்னதாக ஊறவைப்பதும், பிரஷர் குக்கரில் வெப்பத்தை 120 டிகிரி அளவுக்கு உயர்த்தி வேகும் நேரத்தைச் சுருக்குவதும் செலவை நன்றாகக் குறைக்கும். ஓர் எச்சரிக்கை மட்டும்: ராஜ்மா போன்ற சிவப்பு நிறப் பயறு வகைகளில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துகிறோம் என்று அவற்றைக் கொதிநிலைக்குக் கீழே மெதுவாக வேகவைக்கக் கூடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் இன்னும் பாதுகாப்பு.

கேள்வி: மலிவு உணவுக்கு “மறைமுகச் செலவு” உண்டு என்று அடிக்கடி படிக்கிறேன். அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள்? என் சட்டைப் பையிலிருந்து எதுவும் போவதாகத் தெரியவில்லையே?

பதில்: உடனே போவதில்லை, பெரும்பாலும் உங்கள் பையிலிருந்து மட்டும் போவதும் இல்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2023-இல் 154 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, உலக வேளாண், உணவு அமைப்புகளின் மறைமுகச் செலவு ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் 70 விழுக்காட்டுக்கும் மேல், உடலுக்கு ஒவ்வாத உணவுப் பழக்கத்தால் வரும் பருமன், நீரிழிவு, இதய நோய் போன்றவற்றால் உழைப்புத் திறன் குறைவதோடு தொடர்புடையது. மற்றவை சுற்றுச்சூழல் கேடு, வறுமை ஆகியவற்றின் கணக்கு. நோயாளி இழக்கும் சம்பளம், அவரைப் பார்த்துக்கொள்பவர் எடுக்கும் விடுப்பு, மருத்துவமனைக்கு அரசு செலவிடும் வரிப்பணம் என்று இத்தகைய செலவு பலரிடம் சிதறிப்போவதால், உணவுப் பொட்டலத்தின் விலைச்சீட்டில் அதற்கு இடமே இல்லை.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பொட்டலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியல்ல. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டிலேயே சமைத்து அதைப்போல இரண்டு மடங்கு உண்பவருக்கு, வீட்டுச் சமையல் என்ற பெயரால் இரத்த அழுத்தம் சலுகை காட்டாது. வீட்டில் சமைப்பதால் கிடைக்கும் வசதி, உப்பையும் எண்ணெயையும் போடும் கை நம்முடையது என்பதுதான். அந்தக் கை தாராளமாக இருந்தால் வசதி வீணாகிவிடும்.

கேள்வி: ஆர்வத்தோடு காய்கறிகளை வாங்கிவைக்கிறேன், பாதி அழுகிப்போகிறது. சமைத்ததிலும் மீதம் குப்பைக்குப் போகிறது.

பதில்: அப்படியானால் உங்கள் வீட்டில் சமையல் சிக்கனம் இல்லை. பாதியைக் கொட்டினால் மீதிப் பாதியின் விலை இரட்டிப்பாகிவிடும். நீங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை: ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-இல் உலகில் வீணான சுமார் 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்று கணக்கிட்டது. வாரத் திட்டம் போடுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. என் அனுபவத்தில் அதைவிடப் பயன்படுவது, ஏற்கெனவே இருப்பதைத் தீர்க்காமல் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்ற பிடிவாதம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாட்களுக்குள் உண்டுவிடுங்கள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே ஃபிரீசருக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தனியாக வாழ்கிறேன், சமையல் அவ்வளவாகத் தெரியாது. எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்தால்தான் சமையல் என்கிறார்கள். அது என்னால் ஆகாது. வேறு வழி உண்டா?

பதில்: அடியிலிருந்து என்றால் எந்த அடி என்று அவர்களைக் கேளுங்கள், கோதுமையை விதைத்துத் தொடங்குபவர் யாரும் இல்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவரது குழுவினரும் உருவாக்கிய நோவா என்ற வகைப்பாடு, உணவுகளைப் பதப்படுத்தும் அளவின்படி நான்கு குழுக்களாகப் பிரிக்கிறது. அதில் உறையவைத்த வெறும் காய்கறி, புதிய காய்கறியோடு முதல் குழுவிலேயே இருக்கிறது. உப்பு நீரில் அடைத்த டப்பாப் பயறு மூன்றாவது குழு. மிகையாகப் பதப்படுத்தியவை அடங்கிய, விலக்க வேண்டியதாகச் சொல்லப்படும் நான்காவது குழுவில் அது இல்லை. எனவே தானியத்தை மட்டும் நீங்கள் வேகவைத்து, டப்பாப் பயறைக் கழுவிச் சேர்த்து, உறையவைத்த காய்கறியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால், அது சமையல்தான். நறுக்கும் வேலை இல்லை, தனி ஆள் என்பதால் அழுகும் கவலையும் இல்லை, தேவையான அளவு காய்கறியை எடுத்துக்கொண்டு மீதியை ஃபிரீசரிலேயே மூடிவைக்கலாம். உலர் பயறை வாங்குவதைவிட டப்பாவுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பீர்கள். ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது இன்று வெளியிலிருந்து வாங்கும் உணவின் விலையோடு. இப்படிச் செய்யக்கூடிய இரண்டு உணவுகளைப் பழகிக்கொண்டு ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். உலர் பயறையும் குக்கரையும் பற்றி அதன் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.