மவுஸை முந்திய முழங்கால்

கேள்வி: கணினிக்கு மவுஸ்தான் சிறந்தது என்று யார், எப்படி முடிவு செய்தார்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சோதித்துப் பார்த்துத்தான், அம்மா. 1960களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் மரக்கட்டையில் செய்த மவுஸை ஒளிப்பேனா (திரையிலேயே வைத்துச் சுட்டும் பேனா), ஜாய்ஸ்டிக் (சாய்த்து இயக்கும் கைப்பிடி) போன்றவற்றோடு போட்டியிட வைத்தார்கள். திரையில் ஓர் இலக்கு தோன்றும். இடைவெளி விசையைத் தட்டிவிட்டு, கருவியைப் பிடித்து, இலக்கைத் தொட வேண்டும். ஆகும் நேரத்தைக் கணினியே அளந்தது.

எனக்கு மிகவும் பிடித்த போட்டியாளர், மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் அசைக்கும் ஒரு கருவி! புதியவர்கள் கையில் மவுஸைவிட அதுவும் ஒளிப்பேனாவுமே வேகம் காட்டின. காரணம் எளிது: முழங்காலுக்கு விசைப்பலகையை விட்டுக் கை நகர வேண்டியதில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். கை இடம்மாறினால் வேகம் எப்படிக் குலையும் என்பது விரல்களுக்கே தெரியும்.

பழகியவர்களிடம் மவுஸ் வென்றது. முடிவுகள் 1967இல் வெளியாயின. மறு ஆண்டு டிசம்பர் 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் மவுஸை அரங்கம் நிறைந்த கணினி வல்லுநர்கள் முன் இயக்கிக் காட்டினார்.