மெக்சிகோவின் ஒன்பது படிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெக்சிகோவில் ஃப்ரீமேசன்கள் என்னும் ரகசியச் சடங்குச் சங்கத்தாருக்கு ‘தேசிய மரபு’ என்று தனிச் சடங்குமுறை உண்டு, அதில் ஒன்பது படிநிலைகள் என்று படித்தேன். கடைசிப் படியில் என்ன ரகசியம் சொல்லித்தருவார்கள்? உலகையே இவர்கள்தான் ஆட்டிவைக்கிறார்கள் என்பது உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். யூடியூபில் அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வயதில் இவ்வளவு தொலைவான விஷயத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ரகசியம் என்ற சொல்லிலேயே மயங்கி நின்றுவிட்டீர்களே!

படிகள்: முதல் மூன்றும் எல்லா ஊர் லாட்ஜுகளிலும் (ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கங்கள், விடுதிகள் அல்ல) உள்ளவைதான். ஆறாவதன் பெயர் ‘மெக்சிகக் கழுகின் வீரர்’. ஒன்பதாவது, ஃப்ரீமேசன்களின் இன்னொரு சடங்குமுறையான ஸ்காட்டிஷ் மரபின் உச்சப்படியான 33-ஆவதற்குச் சமம். அவ்வளவுதான். 1825-இல் இந்தத் தேசிய மரபு ஏன் தேவைப்பட்டது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

1821-இல் விடுதலை பெற்ற நாட்டில் கட்சிகள் இல்லை, லாட்ஜுகளே கட்சிகளாயின. மேட்டுக்குடியினர் ஸ்காட்டிஷ் மரபில், கூட்டாட்சி கேட்டவர்கள் யார்க் மரபு என்ற மற்றொன்றில். யார்க் லாட்ஜுகளுக்கு அங்கீகாரப் பத்திரம் வாங்கித்தர உதவியவர் அமெரிக்கத் தூதர் பாயின்செட். இரு பக்கமும் சலித்து வெளியேறிய சிலர், எந்த அந்நியரின் பத்திரமும் வேண்டாமென்று தொடங்கியது தேசிய மரபு. பிற்காலத்தில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான பெனிட்டோ ஹுவாரெஸ் சேர்ந்ததும் இதில்தான்.

தேசிய மரபைத் தொடங்கியவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்று எனக்குத் தெரியும். என் தாய்மாமாவும் அவர் நண்பரும் ஒரே வேலைநிறுத்தத்தில் சிறை சென்றவர்கள். தொழிற்சங்கம் உடைந்தது, இருவரும் எதிரெதிர்ப் பக்கம். மாமா இறந்த அன்று அந்த நண்பர் தெருமுனைவரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

பிராவோவையும் கெரேரோவையும் படியுங்கள். இருவரும் விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோஸின் கீழ் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டவர்கள். பிறகு பிராவோ ஸ்காட்டிஷ் தலைவர், கெரேரோ யார்க் தலைவர். ரகசியச் சங்கங்களை ஒழி, பாயின்செட்டை வெளியேற்று என்று 1827 இறுதியில் கலகம் வெடித்தது. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த பிராவோவே அதற்குத் தலைமை ஏற்றார். 1828 ஜனவரியில் துலான்சிங்கோவில் அவரைத் தோற்கடித்துப் பிடித்தது கெரேரோவின் படை. கெரேரோ குடியரசுத் தலைவராகி, கவிழ்க்கப்பட்டு, மீண்டும் ஆயுதம் ஏந்தியபோது அரசுப் படைக்குத் தளபதியாக எதிரில் நின்றவர் பிராவோ. 1831 பிப்ரவரியில் கெரேரோ சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஒன்பதாம் படியில் என்ன இருந்தால் என்ன? மொரேலோஸிலிருந்து தொடங்குங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.