மரபணு ரிப்போர்ட்டில் ‘சராசரி’ என்று வந்தால் சர்க்கரை வராதா?

கேள்வி: டெக்சாஸில் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். என் கணவர் மெக்சிகோ வம்சாவளி, வயது 38, கொஞ்சம் பருமன். அவருடைய அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய். எச்சிலைத் தபாலில் அனுப்பி மரபணு டெஸ்ட் செய்துகொண்டார். டைப் 2 சர்க்கரை நோய்க்கான ரிஸ்க் ‘சராசரி’ என்று வந்துவிட்டது. அதைக் காட்டியே ரத்தப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். ரிப்போர்ட்டை நம்பலாமா? குழந்தைகளுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி ரிப்போர்ட்டைவிட முக்கியம்.

இந்த மாதிரி டெஸ்ட்டில் பெரும்பாலும் ஏராளமான சின்னச் சின்ன மரபணு மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது பழைய ஆய்வுகளிலிருந்து வருகிறது. சிக்கலே அங்கேதான். 2018 நிலவரப்படி, அத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஹிஸ்பானிக் மக்கள், அதாவது மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், ஒரு சதவீதம் அளவுக்குத்தான்.

ஐரோப்பியர்களிடம் அரிதாக உள்ள மாற்றம் அவர்களை வைத்துச் செய்த ஆய்வில் கண்ணில் படாது. கண்ணில் படாததற்கு மதிப்பெண்ணும் கிடையாது. எஸ்எல்சி16ஏ11 என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒரு வடிவம், மெக்சிகோ மக்கள் பலருக்கும் மூதாதையரான அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் ஏறக்குறைய பாதியளவு காணப்படுகிறது, ஐரோப்பியர்களிடம் அபூர்வம். அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து அந்த வடிவம் வந்திருந்தாலே சர்க்கரை வரும் வாய்ப்பு 20 சதவீதம் போலக் கூடுகிறது. மெக்சிகோ மக்களையும் மற்ற லத்தீன் அமெரிக்கர்களையும் ஆராய்ந்த பிறகுதான், 2013 கடைசியில், இது வெளியே தெரிந்தது. (நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த வடிவமாம், கணவரிடம் சொல்லிப் பாருங்கள்!)

‘ஹிஸ்பானிக்’ என்று எல்லோரையும் ஒரே கட்டத்தில் போடுவதும் சரியில்லை. பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோவில் 16,000-க்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தபோது, மெக்சிகோ வம்சாவளியினரில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. தென் அமெரிக்க வம்சாவளியினரில் 10.2 சதவீதம்தான். சாப்பாடு, வசதி, மரபணு எல்லாமே இதில் சேர்ந்திருக்கும். பல இன மக்களையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய முறைகள் வந்துகொண்டிருக்கின்றன, பழையதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அவை ரத்தப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? அமெரிக்காவில் பருமனாக இருப்பவர்களுக்கு 35 வயதிலிருந்தே சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். 5.7 முதல் 6.4 சதவீதம் வரை வந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. அப்போதும் கையில் நேரம் இருக்கிறது. எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தால் சர்க்கரை வருவதை 58 சதவீதம் குறைக்கலாம் என்று 2002-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் ஹிஸ்பானிக் மக்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் பலன் கிடைத்தது. அப்படியே கல்லீரலையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்புக் கல்லீரலுக்கு வழிவிடும் பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் மெக்சிகோ வம்சாவளியினரிடம் அதிகம்.

குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். அவர்களுக்கு அப்பா வழியில் மட்டுமல்ல, நம் வழியிலும் சர்க்கரை வர வாய்ப்பு உண்டு. தெற்காசியர்கள் விஷயத்திலும் இந்த மதிப்பெண்கள் தடுமாறத்தான் செய்கின்றன. குழந்தைகளின் எடையையும் ஓடியாடும் பழக்கத்தையும் கவனித்தால் போதும். கணவரைத் தனியாகப் போகச் சொன்னால் மறுப்பார். நீங்களும் கூடவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள், உங்களுக்கும் அது தேவைதான்.