பாலிமர் க்ளே வைத்து வீட்டிலேயே பேனாவை அலங்கரிக்க முடியுமா? ஓவனில் வைத்தால் பேனா உருகிவிடாதா?

தாராளமாக முடியும். உருகுமா உருகாதா என்பது பேனாவைப் பொறுத்தது. அதனால் டிசைனை அப்புறம் யோசிக்கலாம், முதலில் பேனாவைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். எங்கள் கிருஷ்ணகிரியில் கடையில் போய் ‘க்ளே’ என்று கேட்டால், இரண்டு பொட்டலத்தைக் கலந்து பிசைகிற வகையைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். பானையில் பூ, இலை ஒட்ட வாங்குவோமே, அது. அது தானாகவே இறுகிவிடும். பாலிமர் க்ளேவுக்குப் பெயரில்தான் மண். உள்ளே இருப்பது பிவிசி தூளும் அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரும். வெளியே வைத்தால் காயாது, சூட்டில்தான் இறுகும். ஆன்லைனில் வாங்கிக்கொள்வதுதான் சுலபம். 57 கிராம் கட்டி ஒன்றில் மெல்லிசாகத் தேய்த்தால் நாலைந்து பேனாவுக்குத் தாராளமாக வரும்.

இப்போது பேனா. கண்ணாடி மாதிரி தெரியும் மலிவான பால்பாயின்ட் பாடிகள் பல 100 டிகிரியைத் தாண்டினாலே வளைய ஆரம்பிக்கும். க்ளே வேகவோ 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வேண்டும். எனவே எந்த பிராண்டாக இருந்தாலும் ரீஃபிலை உருவிவிட்டு, வெறும் பாடியை மட்டும் அதே சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். நேராக வெளியே வந்தால் அந்தப் பேனாவில் வேலை செய்யலாம். ரீஃபிலோடு மட்டும் உள்ளே வைக்காதீர்கள், மை பொங்கி வழியும். மூடி எதுவரை மூடுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, அதற்குப் பின்னால் மட்டும் க்ளே சுற்றுங்கள். இல்லாவிட்டால் பேனாவை மூடவே முடியாது.

டிசைனில் எனக்குப் பிடித்தது எங்கள் ஊர் கிளிமூக்கு மாங்காய்தான். மஞ்சள் க்ளேவை விரல் தடிமனுக்கு உருட்டி, ஒரு பக்கத்தை நீளவாக்கில் கிள்ளிக்கொண்டே போனால் மூக்கு வந்துவிடும். அதன்மேல் பச்சையை மெல்லிய தாளாகச் சுற்றி, மூக்கின் வளைவு நிரம்பும்படி வெளியே வெள்ளையை அடைத்து, மொத்தத்தையும் நாலாபுறமும் அமுக்கி அமுக்கி நீட்டுங்கள். பென்சில் தடிமனுக்கு வந்ததும் நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு குட்டி மாங்காய் இருக்கும். இரண்டு முனையிலும் உருவம் கோணலாகத்தான் வரும், அவற்றைப் பிசைந்து வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் க்ளே கொழகொழவென்று ஆகி, கத்தி வைத்ததும் நசுங்கும். கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நறுக்குங்கள்.

பாடியில் வெள்ளை க்ளேவை மெல்லிய தாளாகச் சுற்றி, வில்லைகளைப் பதித்து, மழமழப்பான டைல்ஸ் மேல் உருட்டினால் ஓரங்கள் மறைந்துவிடும். உள்ளே காற்று சிக்காமல் பாருங்கள், வேகும்போது கொப்புளம் எழும்பும். பூரிக்கட்டை, கத்தி எல்லாம் இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

வேகவைக்க ஓடிஜி (வீட்டில் கேக், பிரட் சுடும் சின்ன மின்சார ஓவன்) போதும், மைக்ரோவேவ் ஆகாது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று க்ளே கவரிலேயே போட்டிருக்கும். ஃபிமோ பிராண்ட் க்ளே என்றால் 110 டிகிரியில் 30 நிமிடம். ஓடிஜியின் திருகில் உள்ள எண்ணை அப்படியே நம்பாமல் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். க்ளே கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது மூச்சுக்கு நல்லதில்லை. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். காகிதத்தை விசிறி மாதிரி மடித்து அதன் பள்ளத்தில் பேனாவைப் படுக்க வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகாது.

ஆறியதும் 400, 600, 1000 நம்பர் என்று வரிசையாக உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் துடைத்தாலே நல்ல பளபளப்பு வரும். நெயில் பாலிஷ் மட்டும் பூசாதீர்கள், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். வார்னிஷ் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகையாக வாங்குங்கள்.

பேனா வாங்கும்போதே, அதன் ரீஃபில் உங்கள் தெருக்கடையில் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.