கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

ஃபிரேம் இல்லாத கார் கண்ணாடிகளைப் பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துத் தருகிறோம். மூன்று டோர் மினி கூப்பர், மெர்சிடிஸ் சிஎல்ஏ, ஆடி ஏ5 ஸ்போர்ட்பேக், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார்களுக்கு இவை பொருந்தும்.

கே: என் மினி கூப்பரில் டிரைவர் பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது. டோரின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, ஸ்பீக்கரை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் இதே வேலையைப் பார்த்தபோது, கூரையோரம் இருக்கும் கறுப்புப் பட்டி வளைந்து, பீடிங்கும் கிழிந்துவிட்டது. பேட் கழற்றுவதற்கும் கூரைப் பட்டிக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், குன்னூர்)

பேடுக்கும் பட்டிக்கும் சம்பந்தம் இல்லை, கண்ணாடிக்கும் பட்டிக்கும்தான் சம்பந்தம். சாதாரண காரில் கண்ணாடியைச் சுற்றி டோரோடு சேர்ந்த ஃபிரேம் இருக்கும். கண்ணாடி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் டோரைத் திறந்து மூடலாம். உங்கள் காரில் அந்த ஃபிரேம் கிடையாது. டோர் மூடியிருக்கும்போது கண்ணாடியின் மேல் விளிம்பு, கூரையோரம் ஓடும் ரப்பர் பீடிங்கின் உதட்டுக்குள் சில மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை இழுத்ததும் ஒரு சிறு சுவிட்ச், டோரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான டோர் மாட்யூலுக்குத் தகவல் கொடுக்கும். மோட்டார் கண்ணாடியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறக்கும். அதற்குப் பிறகுதான் டோர் விலகும். டோர் மூடியதும் கண்ணாடி மறுபடி ஏறி உதட்டுக்குள் போய்விடும்.

பேட்டரி கழற்றியிருந்தாலும், கைப்பிடியின் கப்ளர் (வயர் இணைப்பு) கழன்றிருந்தாலும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் விடுபட்டிருந்தாலும் இந்த இறக்கம் நடக்காது. அப்போது டோரைத் திறந்தால் கண்ணாடி பீடிங்கின் உதட்டை வெளிப்பக்கமாக இழுக்கும். அதைவிட மோசம், ஏறி நிற்கும் கண்ணாடியோடு டோரை மூடுவது. கண்ணாடி விளிம்பு பட்டியின் மேல் நேராக மோதும். பட்டி வளையும், பெயின்ட் உதிரும், ரப்பர் வெட்டுப்படும். டெம்பர்டு கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனமான இடம். அங்கே அடிபட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். உங்கள் நண்பருக்கு நடந்தது அநேகமாக இந்த இரண்டில் ஒன்று.

ஆகவே, வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் காரை நிறுத்தும் இடம். நம் ஊரில் சமதரை கிடைப்பதே கஷ்டம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். டோரின் கீல் முன்பக்கம் இருக்கிறது. காரின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால், திறந்த டோர் தன் எடையாலேயே மூடிக்கொள்ளப் பார்க்கும். பக்கவாட்டில் சரிவு இருந்தால், மேட்டுப்பக்க டோர் தானாக மூடும். பாதி வேலையில் ஒரு காற்று அடித்தால் போதும். எனவே சமதரை இல்லையென்றால் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள். வேலை செய்யும் டோர் தாழ்ந்த பக்கம் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்குப் பள்ளத்துப் பக்கம் கல் வையுங்கள். டோர் ஒரேயடியாக முன்னால் விரிந்து கீலை இழுக்காமல் இருக்க, அடியில் துணி சுற்றிய கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். மூடும் பக்கமும் ஒரு தடை வேண்டும். பழைய துண்டை இறுகச் சுருட்டி, லாக் இருக்கும் உயரத்துக்குக் கீழே, டோருக்கும் பாடிக்கும் நடுவில் கட்டித் தொங்கவிட்டால் டோர் முழுக்க மூட முடியாது.

அடுத்து கண்ணாடிகள். வேலை செய்யும் டோர் மட்டும் அல்ல, எல்லா டோர் கண்ணாடிகளையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு வீட்டில் யாராவது மறுபக்க டோரைத் திறந்து பையை எடுப்பார்கள். சேதம் அங்கே நடக்கும். வேலை செய்யும் டோரில் பாதி வரை இறக்குவது நல்லது. சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். சில கார்களில் ரிமோட்டின் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்லாக் கண்ணாடிகளும் ஏறிவிடும். சட்டைப் பையில் கிடக்கும் சாவி அந்த வேலையைச் செய்துவிடக்கூடாது. பேட்டரி டிக்கியில் இருக்கும் காராக இருந்தால் டிக்கி லாக்கிலும் ஒரு துணியைச் சுற்றுங்கள். டிக்கி எலக்ட்ரிக் லாக். மூடிவிட்டால் பேட்டரியை எட்ட முடியாமல் போகும்.

இப்போது இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருங்கள். டோருக்குள் ஏர்பேக் சென்சர் இருக்கலாம், சில கார்களில் ஏர்பேக்கே இருக்கும். கப்ளர்கள் கழன்ற நிலையில் இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டிவரும்.

பேடைக் கழற்ற இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நுழைக்காதீர்கள். நைலான் நெம்பிதான் சரி. கைப்பிடிக் குழியிலும் ஓரங்களிலும் மூடிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் டார்க்ஸ் (நட்சத்திரக் குழித் தலை) ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிட்டு, கீழ் மூலையில் ஆரம்பித்து கிளிப் கிளிப்பாக விடுவியுங்கள். மார்கழி, தை மாதக் காலையில் இந்த வேலை வேண்டாம். குளிரில் பிளாஸ்டிக் கிளிப் விறைத்துப்போய் தலை முறியும். வெயில் ஏறி கார் சூடான பிறகு தொடங்குங்கள். அப்படியும் சில முறியும் என்பதால் ஐந்தாறு கிளிப்களைக் கையில் வைத்திருங்கள். ஸ்பீக்கர் ரிவெட் அடித்திருந்தால், டிரில் போடும் முன் அதன் பின்னால் கண்ணாடி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டோர் திறந்தே இருப்பதால் உள்விளக்கு எரிகிறது என்று, பேட்டரியைக் கழற்றாமல், லாக்கின் கொக்கியை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிவைப்பவர்கள் உண்டு. அந்த நொடியில் கார் டோர் மூடிவிட்டதாக எண்ணி, இறங்கி நின்ற கண்ணாடியை மேலே ஏற்றிவிடும். பிறகு டோரை மூடினால் கண்ணாடி பட்டியிலும், மூடிய கொக்கி பாடியில் உள்ள ஸ்ட்ரைக்கர் வளையத்திலும் போய் இடிக்கும். சோதனைக்காகக் கொக்கியை மூடியிருந்தால், டோரைத் தள்ளும் முன் கைப்பிடியை இழுத்து அது விடுபட்டதைக் கண்ணால் பாருங்கள்.

வேலை முடிந்து பேட்டரியை இணைத்ததும், பாதி இறங்கிய கண்ணாடியோடு டோரை மூடுங்கள். பிறகு சுவிட்சால் கண்ணாடியை முழுக்க இறக்கி, அடியில் சில நொடி அழுத்திப் பிடித்து, முழுக்க ஏற்றி, உச்சியிலும் அப்படியே பிடித்திருங்கள். எத்தனை நொடி, எத்தனை முறை என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். கண்ணாடியின் அடி, உச்சி எல்லைகளைக் காருக்கு மறுபடி கற்றுத்தரும் இந்த நினைவூட்டல் முடியும் வரை விரல் சிக்கினால் திரும்பி இறங்கும் பாதுகாப்பு பல கார்களில் வேலை செய்யாது, குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கடைசியாக, கைப்பிடியை மெதுவாக இழுத்தபடி கண்ணாடியின் மேல் விளிம்பைக் கவனியுங்கள். டோர் நகரும் முன் கண்ணாடி இறங்கினால் சரி. இறங்காவிட்டால் இழுப்பதை நிறுத்தி, சுவிட்சால் இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கே: உறைபனி விழும் காலத்தில் காலையில் டோரைத் திறந்தால் கண்ணாடி இறங்குவதில்லை. சில நாள் பேட்டரியும் படுத்துவிடுகிறது. அப்போது சாவியால் டோரைத் திறக்கலாமா? (வாசகர், உதகை)

இரண்டும் வேறு வேறு கோளாறு. பேட்டரி நன்றாக இருந்து கண்ணாடி மட்டும் நகரவில்லை என்றால், பீடிங்கில் தேங்கிய ஈரம் உறைந்து கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. டோரை வெளியே இழுக்காதீர்கள். உள்ளங்கையால் டோரை உள்பக்கம் இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், மெல்லிய பனி உடையும். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மேல் விளிம்பு நெடுகத் தெளித்து ஒரு நிமிடம் விட்டாலும் இளகும். வெந்நீர் ஊற்றக் கூடாது. சில்லிட்ட கண்ணாடி விரிசல் விடக்கூடும். உள்ளே இறங்கும் நீர் மறுநாள் இன்னும் அதிகமாக உறையும். தலைக்குந்தா பக்கம்போல் பனி கடுமையாக விழும் இடங்களில், இரவில் பீடிங்கைத் துடைத்துக் காயவிட்டு, கூரையோடு கண்ணாடியையும் மூடும் கவர் போடுங்கள்.

பேட்டரி இறங்கியிருந்தால் சாவியால் லாக் திறக்கும், ஆனால் கண்ணாடி இறங்காது. வெளியிலிருந்தே மின்சாரம் கொடுக்க வழி இருந்தால் அதை முதலில் பாருங்கள். பானெட் லீவர் உள்ளேதான் இருக்கிறது, டோரைத் திறந்தே ஆகவேண்டும் என்றால், ஒரே ஒரு முறை, மிக மெதுவாகத் திறங்கள். கூட ஒருவர் பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையால் ரப்பர் உதட்டைக் கண்ணாடியிலிருந்து விலக்கிக்கொண்டே வரட்டும். திறந்த டோரை மூடாதீர்கள். துண்டை இடையில் வைத்துச் சாத்திவிட்டு, ஜம்பர் கேபிள் போட்டு, கண்ணாடியை இறக்கிய பிறகே மூட வேண்டும். மழையிலோ ரோட்டோரத்திலோ மாட்டிக்கொண்டு மூடியே தீரவேண்டிய நிலை வந்தால், கண்ணாடியின் மேல் விளிம்பைக் காரின் உள்பக்கமாக அழுத்தி, உதட்டுக்கு உள்ளே நுழையும்படி பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாத்துங்கள். இது கடைசி வழி.

மல்டிமீட்டரில், இரவு முழுக்க நின்ற கார் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலிதான். குளிர் பேட்டரியின் திறனை மேலும் குறைக்கும். பனிக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய்யும் இதே வகைக் கண்ணாடிதான். முன் டோரில் அவசரத்துக்குக் கையால் திறக்க இருக்கும் லீவரைப் பட்டன்போல் அன்றாடம் பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் அதை இழுத்தால் கண்ணாடி இறங்காமலே டோர் திறக்கும்.

கே: ரெகுலேட்டர் மாற்றிய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் விசில் சத்தம் கேட்கிறது; மழையில் கதவோரம் சொட்டுகிறது. கண்ணாடியை இன்னும் மேலே ஏற்றினால் சரியாகுமா? (வாசகர், கோத்தகிரி)

மேலே ஏற்றுவதால் மட்டும் தீராது. அளவு மீறினால் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதாமல் கண்ணாடி ஒவ்வொரு முறையும் உதட்டில் உரசும். கண்ணாடிக்கு உயரம், முன்-பின் சாய்வு, உள்-வெளிச் சாய்வு என்று மூன்று திருத்தங்கள் உண்டு. விசிலும் கசிவும் பெரும்பாலும் உள்-வெளிச் சாய்வு குறைந்ததால் வருபவை. ஒரு நீளத் தாளை மேல் விளிம்பில் வைத்து டோரை மூடி, கண்ணாடி ஏறியதும் இழுத்துப் பாருங்கள். முன் மூலை, நடு, பின் மூலை என்று எல்லா இடத்திலும் ஒரே அளவு இறுக்கம் தெரிய வேண்டும். தாள் வழுக்கி வரும் இடத்தில் இடைவெளி. கிழியும் இடத்தில் அழுத்தம் அதிகம். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் தாள் சோதனை செய்ய வேண்டும். மாற்றங்களுக்கிடையே டோரை மூடும் போதெல்லாம் கண்ணாடியைச் சில சென்டிமீட்டர் இறக்கியே மூடி, பிறகு ஏற்றிப் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தும் முன் அதன் வாஷரைச் சுற்றி மார்க்கர் கோடு போட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

சொட்டுவது உள்பேடின் அடியிலிருந்தா, கண்ணாடி விளிம்பிலிருந்தா என்று பாருங்கள். அடியிலிருந்து என்றால் கண்ணாடிமேல் குற்றம் இல்லை. பேடுக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தடுப்புத் தாள் சரியாக ஒட்டப்படவில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பியூட்டைல் டேப் போட்டு ஒட்டுங்கள். டோரின் அடி ஓட்டைகள் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தி எடுங்கள். நவம்பர் மழையில் இதை விட்டுவைத்தால் கார்பெட் நனைந்து பூசணம் பிடிக்கும்.

கே: பீடிங் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வாசகர், கூடலூர்)

வேண்டாம். குளிரில் உறையும், தூசியைப் பிடித்து வைக்கும். இன்ஜின் ஆயிலும் சாதாரண கிரீஸும் இன்னும் கெடுதல். பீடிங் செய்யப்படும் இபிடிஎம் ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் ஊதிப்போகச் செய்யும். சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெல்லிசாகத் துடைத்தால் போதும். கண்ணாடியில் படாமல் பாருங்கள்.

கே: ரெகுலேட்டர் உடைந்துவிட்டது. கண்ணாடியை டேப் போட்டு மேலே நிறுத்தி, கோவை சர்வீஸ் சென்டர் வரை ஓட்டிக்கொண்டு போகலாமா? (வாசகர், மஞ்சூர்)

ஃபிரேம் உள்ள காரில் எல்லோரும் செய்வது அது. உங்கள் காரில் டேப்பை ஒட்ட டோரில் ஃபிரேம் இல்லை, கூரையில்தான் ஒட்டுவீர்கள். வழியில் மறந்து டோரைத் திறந்தால் கண்ணாடியும் பீடிங்கும் சேர்ந்து போகும். கண்ணாடியைக் கையால் டோருக்குள் முழுக்க இறக்கி, அடியில் ஸ்பாஞ்ச் அல்லது துணி சுற்றிய கட்டை கொடுங்கள். கண்ணாடி நுழையும் வாயில் இருபக்கமும் ரப்பர் துண்டுகளைச் செருகினால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடாது. திறந்த இடத்தைக் கனமான பிளாஸ்டிக் தாளால் மூடி, தாளின் மேல் ஓரத்தைக் கூரையில் ஒட்டாமல், டோரைத் திறந்து உள்ளே மடித்துவிட்டு மூடுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் டோரில் ஒட்டுங்கள். உடைந்த பக்கத்துப் பவர் விண்டோ ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். தவறிச் சுவிட்ச் அழுத்தினால் அறுந்த கேபிள் டிரம்மில் சிக்கி மோட்டாரும் போய்விடும். அதே ஃபியூஸ் மற்றக் கண்ணாடிகளுக்கும் பொதுவாக இருந்தால், எடுக்கும் முன் அவற்றையும் 5 சென்டிமீட்டர் இறக்கிவையுங்கள்.