பெல் அடிச்சா போதும், புஜ்ஜி தெருவையே கூட்டிடறா!

கேள்வி: சார், எங்க புஜ்ஜிக்கு மூணு வயசு, பொமேரியன். மடிப்பாக்கத்துல முதல் மாடி ஃப்ளாட். பால்கனில உக்காந்துகிட்டு சிலிண்டர்காரர், கூரியர், எதிர்வீட்டுப் பூனைன்னு யாரையும் விடறதில்ல, காலிங்பெல் அடிச்சா அஞ்சு நிமிஷத்துக்கு ஓய மாட்டா. எங்க வீட்டுக்காரர் "ஏய் சும்மா இரு"ன்னு கத்துனா இன்னும் ஜாஸ்தியா குலைக்கறா. மேல்மாடி மாமா அசோசியேஷன்ல சொல்லி நாய வெளியேத்துறேங்கறார். கடைக்காரர் ஷாக் குடுக்கற பெல்ட் இருக்கு வாங்கிக்கோங்கன்னு சொல்றார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வாங்காதீங்கம்மா. கழுத்துல சுள்ளுனு விழறப்ப எதிர்ல யார் நிக்கிறாங்களோ அவங்களாலதான் வலிக்குதுன்னு நாய் எடுத்துக்கலாம், அப்புறம் குலைக்காம நேரா கடிக்கப் போனா என்ன பண்ணுவீங்க.

கொஞ்சம் புஜ்ஜி எடத்துலேந்து பாருங்க. கூரியர் தம்பி வர்றார், இவ குலைக்கறா, அவர் பார்சலக் குடுத்துட்டுக் கெளம்பிடறார். வேலை முடிஞ்சு போறார்னு நமக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும், தான் வெரட்டுனதாலதான் ஓடறார்னு நெனச்சுக்கறா. தெனம் பத்து பேர் வந்தா பத்து தடவையும் ஜெயிக்கறா! நடுவுல உங்க வீட்டுக்காரர் போடற சத்தம், அவரும் கூட சேந்து வெரட்டறார்னுதான் அவளுக்குப் படும்.

அதனால மொதல்ல பால்கனி கிரில்லுக்குக் கீழ்ப்பக்கம் மூணு அடிக்குப் பச்சை வலை கட்டுங்க, மாடில செடிக்கு நிழலுக்குக் கட்டுவாங்களே அதேதான், தெரு தெரியலன்னாலே பாதி வேலை முடிஞ்சிடும். வீட்ல ஆள் இல்லாதப்ப பால்கனி கதவ மூடிடுங்க.

பெல்லுக்கு வேற வழி. வாசல்லேந்து தள்ளி ஒரு பழைய மிதியடியப் போடுங்க. உப்பு மசாலா எதுவும் இல்லாம வேகவச்ச எலும்பில்லாத சிக்கன நிலக்கடலை சைஸ்ல பிச்சு வச்சுக்கிட்டு, வீட்டுக்காரர வெளில நிக்க வச்சு பெல் அடிக்கச் சொல்லுங்க, அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே மிதியடி மேல ஒரு துண்டு விழணும். கதவத் தொறக்கவே வேணாம். சாயந்தரம் ஒரு பத்து தடவை, தெனமும். கொஞ்ச நாள்ல பெல் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடாம மிதியடிக்கு ஓடுவா, அதுக்கப்புறம்தான் கதவத் தொறந்து பழக்கணும். எங்க வீட்டு நாய்க்கு இத பண்றப்ப நான் அவசரப்பட்டு மூணாம் நாளே கதவத் தொறந்தேன், பால்காரர் பாக்கெட்டக் கீழ போட்டுட்டு ஓடிட்டார், மறுபடி மொதல்லேந்து ஆரம்பிச்சேன்.

நீங்க சாப்பிடறப்ப பக்கத்துல வந்து கேட்டுக் குலைப்பாளே, அதுக்கு ஒரு பிஸ்கட் கூடப் போடாதீங்க. கண்டுக்காம விட்டா முதல் சில நாள் சத்தம் ஏறத்தான் செய்யும். தாங்க முடியாம அப்ப போட்டீங்கன்னா, இவ்ளோ நேரம் கத்துனாதான் கெடைக்கும்னு கத்துக்குவா.

இன்னொன்னு, நம்மூர்ல பொமேரியன்னு வளக்கறது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ், வாய்க்குப் பேர்போன ஜாதி. சுத்தமா நிப்பாட்ட முடியாது, ரெண்டு குலைப்போட நிறுத்துனா சந்தோஷப்படுங்க.

அசோசியேஷனுக்குப் பயப்படாதீங்க. குலைக்குதுங்கறதுக்காக நாய் வளக்கறதத் தடுக்க முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே சொல்லியிருக்கு. ஆனா அந்த பேப்பரத் தூக்கிக்கிட்டு மாமாகிட்ட சண்டைக்குப் போகாதீங்க, பழக்கிக்கிட்டிருக்கோம், ஒரு மாசம் பொறுத்துக்கோங்கன்னு நேர்ல போய் சொல்லுங்க, அவருக்கும் மத்தியான தூக்கம் போகுதில்ல.

கேள்வி: எங்க நாய்க்கு 13 வயசு. இத்தன வருஷம் அமைதியா இருந்தது, இப்ப ரெண்டு மாசமா நடுராத்திரில செவுத்தப் பாத்துக் குலைக்குது. பேய் கண்ணுக்குத் தெரியுதுங்கறாங்க அத்தை.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பேயெல்லாம் இல்ல சார், வயசு. கண்ணும் காதும் மங்கிப்போயிருக்கலாம், மூட்டு வலி இருக்கலாம், மனுஷங்களுக்கு வர்ற மறதி நோய் மாதிரி நாய்க்கும் வரும். திட்டாம டாக்டர்கிட்ட காட்டுங்க, ராத்திரி குலைக்கறத ஃபோன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க, கிளினிக்ல அது சமத்தா நிக்கும். அது படுக்கற எடத்துல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும், தண்ணிக் கிண்ணத்த மட்டும் எடம் மாத்திடாதீங்க.