மட்டை பச்சை என்றால் அது செவ்விளநி இல்லை

புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவர், லொறியில் வந்த வியாபாரியிடம் செவ்விளநி என்று பத்துத் தென்னம்பிள்ளை வாங்கியிருக்கிறார். ஏழின் மட்டை பச்சை, இரண்டு தவிட்டு நிறம், ஒன்றுதான் செம்மஞ்சள். "வளர வளர நிறம் வரும்" என்று வியாபாரி சொன்னாராம். உண்மையா என்று கேட்கிறார்.

வராது. செவ்விளநியின் முளையிலேயே செம்மஞ்சள் தெரியும். பச்சை ஏழும் பெரும்பாலும் ஊர் நெட்டைத் தென்னை. நல்ல மரம்தான், கறிக்குத் தேங்காய் தரும், வைத்துக்கொள்ளுங்கள். தவிட்டு நிறம் இரண்டுக்கும் தாய் செவ்விளநியாக இருக்கலாம், ஆனால் பக்கத்து நெட்டை மரத்தின் மகரந்தம் விழுந்த கலப்பு.

செம்மஞ்சள் பிள்ளையையும் அப்படியே நம்ப வேண்டாம். சிவப்புக் குட்டைத் தென்னைக்கும் அதே நிறம். பையின் மேல்மண்ணை விரலால் விலக்கி விதைக்காயைப் பாருங்கள். நீண்டு முட்டைவடிவில் இருந்தால் செவ்விளநி, சிறிதாய் உருண்டிருந்தால் குட்டை. காயை வெட்டி நீக்கியோ ஆழப் புதைத்தோ பையில் வைத்திருந்தால் வாங்காதீர்கள், மறைக்கத்தான் அது. "மூன்று வருடத்தில் காய்க்கும்" என்பதும் குட்டையின் கதை, செவ்விளநி அதைவிடப் பிந்தும்.

காய் பச்சையாயில்லாமல் நிறமாயிருந்தால் குட்டை என்று பலர் நினைப்பார்கள், அதற்கு ஒரு விலக்கு. கோன் தெம்பிலி என்றொரு தென்னை இனம் உண்டு. காய் யானைத்தந்த நிறம், மரமோ நெட்டை. அதனால் நிறமுள்ள காயைக் கண்டதும் குட்டை என்று கிணற்றடியில் நெருக்கி நடக்கூடாது. வளர்ந்த மரமென்றால் அடியைப் பாருங்கள். நெட்டைக்கு அடிமரம் பானைபோல் பருத்திருக்கும், குட்டைக்கு மேலும் கீழும் ஒரே தடிப்பு. பிள்ளையில் இந்த வித்தியாசம் தெரியாது. சந்தேகமிருந்தால் 26 அடி இடைவெளி விட்டே நடுங்கள், பிறகு தள்ளி நடமுடியாது.

லொறி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் வெலிகம இலைவாடல் நோய் உண்டு, அதற்கு மருந்தில்லை. அங்கிருந்து பிள்ளை கொண்டுவரத் தடை. ஆனால் அரசாங்கம் தடையைக் கடதாசியில் போட்டுவிட்டு, மாரி மழை முடிந்தபின் மானியப் பிள்ளையை இறக்கினால் சனம் லொறிக்காரனிடம் போகாமல் என்ன செய்யும்?

அடுத்தமுறை ஊரிலேயே நன்றாய்க் காய்க்கும் செவ்விளநியில் முற்றிய காய் எடுத்து நீங்களே முளைக்கவையுங்கள். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தாயைப்போலவே வரும். முளையில் செம்மஞ்சள் இல்லாததைக் கழித்துவிடுங்கள்.